கடலோரத்தில் கோல்ஃப் பார்த்த வீடு: வாங்குமுன் ஒப்பிட வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைக் கோல்ஃப் பற்றிப் பேசச் சொன்னதும் சிலர் சிரித்தீர்கள். நம் குடியிருப்பில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தைக் கடலோர மனையில் போடலாமா என்று யோசிப்பவர்கள் முப்பது பேராவது இருக்கிறீர்கள். அவர்களில் பலருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் கண். சென்னைப் பக்கம் விலை எட்டாது என்பதால் பார்வை தெற்கே இறங்கி மணமேல்குடி, மீமிசல், தொண்டி வரை போகிறது. எனக்கும் அந்தப் பக்கம்தான் சொந்த ஊர் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ‘ரிசார்ட்’, ‘வில்லா’, ‘கோல்ஃப் வியூ’ என்ற சொற்களும் கூடவே வருகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீமிசலில் கோல்ஃப் மைதானம் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை முழுக்கவே கிடையாது. ஆகவே அந்தக் கரையில் யாராவது கோல்ஃப் மைதானத்தைக் காட்டி வீடு விற்றால், அவர் காட்டுவது வரைபடத்தை. வரைபடத்தில் புல் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். அதனால் ஏற்கெனவே இருக்கிற மைதானங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். அவற்றின் பக்கத்தில் வீடு வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு மீமிசலுக்கு வருவோம்.

சென்னையில் நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பின் மைதானம். இரண்டும் நகரத்தின் நடுவில் கிடைத்த பெரிய பச்சை. இரண்டும் கிளப் மைதானங்கள். பக்கத்து மாடியிலிருந்து பார்க்கலாம், உறுப்பினராக இல்லாமல் நினைத்தபோது உள்ளே போய் நடக்க முடியாது.

கிண்டியில் நடந்ததை வீடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். பந்தயத் திடலின் 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம். 1940களின் நடுவில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. பூங்கா, மழைநீரைத் தேக்கக் குளங்கள் என்று திட்டம் வந்தது. கூடவே வழக்குகளும் வந்தன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேலையில்லை. அந்தப் பச்சையை நம்பி ஒருவர் மாடிவீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்திருந்தால், அவருக்கு அந்த வழக்கில் வாதியாகவும் இடமில்லை, பிரதிவாதியாகவும் இடமில்லை. சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். என்னைக் கேட்டால் பூங்காவும் குளமும் நல்ல காட்சிதான். ஆனால் அவர் காசு கொடுத்தது வேறொன்றுக்கு.

சென்னையாவது நகரம். கடலோர உல்லாச வட்டாரம் எப்படி என்று பார்க்கச் சிங்கப்பூருக்குப் போகலாம். நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், அங்கிருந்து வரும் பணம்தான் இங்கே மனையாகிறது. செந்தோசா தீவில் செரப்போங், தஞ்சோங் என்று இரண்டு மைதானங்கள். பக்கத்தில் செந்தோசா கோவ் என்ற குடியிருப்பு, படகுத்துறை வைத்த வீடுகள். அவ்வளவு விலை கொடுத்தும் அந்த வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில்தான் நிற்கின்றன. மைதானமும் குத்தகை நிலமே. வீடு வாங்கியதால் மட்டும் கோல்ஃப் கிளப் உறுப்பினராகிவிட முடியாது, அதற்குத் தனி வழி, தனிப் பணம்.

செந்தோசாவுக்கு எதிரே, நீரைத் தாண்டினால் கெப்பல் கிளப்பின் மைதானம் இருந்தது. அதன் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. அரசு நீட்டிக்கவில்லை. அங்கே இப்போது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திட்டம், அதில் பெரும்பகுதி வீவக வீடுகள். ஊருக்கு வீடு வேண்டும் என்றால் விளையாட்டு இடம் நகரத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சுற்றியிருந்த மாடிகளில் மைதானத்தைப் பார்த்துக் காப்பி குடித்தவர்களுக்கு இனி எதிர் வீட்டுத் துணிக்கொடிதான் காட்சி. ஒரே கடல், எதிரெதிர் கரை, ஒரு மைதானம் நிற்கிறது, ஒரு மைதானம் போய்விட்டது. அந்த முடிவு வீட்டுக்காரர்கள் கையில் இல்லை.

இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டையில் 2016இல் திறந்த ஷாங்ரி-லா ரிசார்ட்டிலும் 18 குழி மைதானம் உண்டு. அங்கே விருந்தினராகப் போய் ஆடிவிட்டுத் திரும்பலாம், சொத்து வாங்க வேண்டியதில்லை. ஆடத்தான் ஆசை என்றால் இதுதான் மலிவான வழி. ஆண்டுக்கு நாலு நாள் ஆடுவதற்காக வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை.

எங்கே போனாலும் நிலம் யாருடையது என்பது முதல் கேள்வி. கடலோரத்தில் அதைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தில் கடலோர மணல்வெளி விவசாயத்துக்கு உதவாத நிலம், புல்லுக்கு மழையே தண்ணீர் ஊற்றியது. மீமிசலில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மீதி மாதங்களுக்கு ஒரு கணக்குப் போடுவோம், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

18 குழி மைதானத்துக்கு 100 முதல் 150 ஏக்கர் வேண்டும். அதில் 60 ஏக்கர் புல்லுக்கு மட்டும் தண்ணீர் விடுவதாக வைப்போம். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஈரம் ஆவியாகப் போனால், ஏக்கருக்கு 20,000 லிட்டர். 60 ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். நாம் கோடையில் கூப்பிடுகிற 12,000 லிட்டர் லாரியில் நாளுக்கு 100 லோடு. ஒரு ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் ஏறக்குறைய 9,000 பேரின் ஒரு நாள் தண்ணீர்.

‘சுத்திகரித்த கழிவுநீரைத்தான் விடுவோம்’ என்பார்கள். நல்ல பதில். ஆனால் அதையும் கணக்குப் போட வேண்டும். 300 வில்லா, வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,200 பேர். எல்லோரும் ஆண்டு முழுக்க அங்கேயே இருந்தாலும் நாளுக்கு 1.3 லட்சம் லிட்டர் கழிவுநீர்தான் வரும். ஓய்வு வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும் என்பது வேறு. மீதி 11 லட்சம் லிட்டர் எங்கிருந்து? உவர் தாங்கும் பாஸ்பாலம் புல் உலகத்தின் கடலோர மைதானங்கள் பலவற்றில் இருக்கிறது, அது ஓரளவு உப்புத் தண்ணீரையும் குடிக்கும். சரி, ஆனால் குடித்த தண்ணீர் போனபின் உப்பு மண்ணில் தங்கும். அதைக் கழுவி இறக்க மறுபடி நல்ல தண்ணீர் வேண்டும்.

கடைசியில் ஆழ்துளைக் கிணறுதான். கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற மெல்லிய படலம் போன்றது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். ஏறியது சீக்கிரம் இறங்காது. உங்கள் வில்லாவின் கிணறும் அதே படலத்தில்தான் நிற்கிறது, பக்கத்து ஊர்க்காரர்களின் கிணறும் அதே படலத்தில்தான். மைதானம் பச்சையாக இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் குழாய் உப்புக் கரிக்க ஒரு நாள் நெருங்கும். ஊருக்குள் முதல் சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

நம் கரைக்கு இது புதிய கதை இல்லை. இறால் பண்ணைகள் வந்தபோது வயலும் கிணறும் உப்பாகின்றன என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பிறகு 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. பண்ணைகள் இன்றும் இருக்கின்றன, வாதமும் முடியவில்லை. மீமிசல் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து நிலம் இறால் குட்டையா, உப்பளமா, வயலா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தக் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உங்கள் மனைக்கும் பொருந்தும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டில் வரும், அலை ஏறி இறங்கும் உப்பங்கழி ஓரங்களும் சேரும். மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்வது, நிலத்தடி நீர் எடுப்பது எல்லாவற்றுக்கும் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ‘கடலிலிருந்து கூப்பிடு தூரம்’ என்று விளம்பரம் சொன்னால், அந்தக் கூப்பிடு தூரம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். பாக் விரிகுடாவின் வட பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. இந்தக் கரையின் மீது அரசின் கண் இனி குறையாது, கூடத்தான் செய்யும்.

காகிதங்களுக்கு வருகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரியும். கோல்ஃப் திட்டத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தில் மைதானம் எங்கே இருக்கிறது என்பது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர். என்பார்கள். கோல்ஃப் மைதானம் அதில்லை. அது பொது இடம் என்று பதிவாகியிருக்கிறதா, அல்லது விற்பவர் பெயரிலேயே தனிச் சர்வே எண்ணில் கிடக்கிறதா? தனி எண்ணில் கிடந்தால் நாளைக்கு அதையும் மனையாக வெட்டி விற்கலாம், நீங்கள் கேட்க முடியாது. பொது இடம் என்று ரெராவில் பதிவாகியிருந்தால் கதை வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக் கொடுக்காமல் அனுமதித்த திட்டத்தையும் பொது இடத்தையும் மாற்ற முடியாது. விளம்பரத்தில் இருப்பதை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டால் 12ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழி தருகிறது. அதனால் வண்ணத் தாளைத் தூக்கி எறியாதீர்கள், தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து வாங்குவதாகவே முடிவு செய்தால், வீடு எந்தப் பக்கம் என்று பாருங்கள். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வலக்கையர்கள், அவர்கள் தவறாக அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போகும். அடிக்கிற மேடையிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளி வலப்பக்கம் இருக்கும் வீட்டின் கண்ணாடிக்கு ஆயுள் குறைவு. புல் வெட்டும் இயந்திரம் விடியுமுன் ஓடத் தொடங்கும். நம் ஏ பிளாக்கில் ஜெனரேட்டர் சத்தத்துக்கே மூன்று புகார்க் கடிதம் எழுதியவர்கள் அதை எண்ணிப் பார்க்கவும்.

மனை பார்க்க மார்கழியில் போகாதீர்கள். அப்போது கண்மாய் நிறைந்திருக்கும், எந்த நிலமும் அழகாக இருக்கும். சித்திரை, வைகாசியில் போங்கள். விற்பவரின் காரில் போகாமல் பேருந்தில் போய் மீமிசலில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து எந்தத் தெருவில் எந்தக் கிணறு உப்பாகியது என்று விசாரியுங்கள். மனைக்குச் சுற்றிலும் நாலு கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் சங்க அலுவலகத்தில் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.