தலைவனின் கதையில் யாருக்கு இடம்?

அரசியல் தலைமையில் கதையின் பங்கு என்னும் பொருள் பற்றிப் பேச வாசுதேவநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. இவ்வூரின் மண்கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை முற்றுகையிட்ட செய்தி நமக்கு மூன்று வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது: வெள்ளை அதிகாரிகளின் கடிதங்களாக, மக்கள் பாடிய கதைகளாக, பிற்காலத் தலைவர்களின் மேடைப் பேச்சாக. மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: தலைவனுக்குக் கதை வேண்டும், அந்தக் கதை எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ, அந்த அளவுக்கே அது நிலைக்கும். இந்தக் கருத்தைச் சான்றுகளோடு உங்கள் முன் வைக்கிறேன்.

1755-ஆம் ஆண்டு கும்பினியின் கர்னல் ஏரன் நெற்கட்டும்செவலுக்கு வந்து, அவ்வூர்ப் பாளையக்காரர் பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டார். பணம் கிடைக்கவில்லை, படையோடு திரும்பிப் போனார். நடந்தது இவ்வளவே. கும்பினியின் ஏட்டில் இது ஆர்க்காட்டு நவாபுக்குச் சேர வேண்டிய கிஸ்தி பாக்கி; பாக்கி வைத்தவர் கலகக்காரர். நம் மேடைகளில் இதே நிகழ்ச்சி அந்நியருக்கு வரி கொடுக்க மறுத்த முதல் முழக்கம். ஆவணம் உண்மை, நாட்டார் கதை கற்பனை என்று ஒதுக்கிவிடும் ஆய்வாளர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். வரி கேட்கக் கும்பினிக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு விடையாகத்தான் ‘பாக்கி’ என்ற கதையே பிறந்தது. பணம் கைமாறவில்லை என்பது தகவல். அது பாக்கியா, மறுப்பா என்பது சொல்பவரின் அரசியல். 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறும் பெரும்பாலும் அந்த ஏடுகளை நம்பியே நடக்கிறது.

ஆனால் அந்த ஏடுகளிலேயே நமக்கு வேண்டிய சான்றும் கிடக்கிறது. 1767-இல் கர்னல் டொனால்டு காம்ப்பெல் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார். பீரங்கி சுவரை உடைக்க உடைக்க, குண்டு மழைக்கு நடுவே உள்ளிருந்தவர்கள் பனைமரங்களையும் வைக்கோலையும் கொண்டு உடைப்பை அடைத்த தீரத்தைப் பகைவரே வியந்து எழுதிவைத்தார்கள். உடைப்பை அடைத்தவர்கள் யார்? அந்தக் குறிப்பு அவர்களைக் கூட்டமாகத்தான் பார்த்தது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பூலித்தேவரின் படைவீரர்களைப் பற்றிய வாய்மொழி மரபு நிரப்பியது. சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்ட வெண்ணிக் காலாடியையும், குதிரை கட்ட அடித்த முளையில் கை சிக்கிக்கொள்ள, அந்தக் கையையே வெட்டிவிட்டு எழுந்த ஒண்டிவீரனையும் அந்த மரபு பேசுகிறது. இச்செய்திகளின் ஒவ்வொரு விவரத்தையும் ஏடு கொண்டு நிறுவ முடியாமல் போகலாம். ஒரு பாளையக்காரர் தனியாக நின்று கோட்டை காக்க முடியாது என்ற உண்மையை அவை நிறுவிவிடுகின்றன.

கதை சொன்னவன் எண்ணியபடியேதான் போகும் என்ற உறுதியும் இல்லை. 1799 அக்டோபர் 16 அன்று கும்பினியின் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களைக் கயத்தாற்றில் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே அவர்களுள் ஒருவரான கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். அது தண்டனை மட்டுமன்று. அச்சத்தைப் பரப்ப அவர் கட்டிய கதை. மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், விசாரணையின்போது கட்டபொம்மன் சிறிதும் அஞ்சவில்லை என்றும், எட்டையபுரத்தாரையும் நம் பக்கத்துச் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார் என்றும், தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் சென்றார் என்றும் அவரே எழுத நேர்ந்தது. ஆட்சி அச்சக் கதையாகத் தொடங்கியதைக் கேட்டவர்கள் வீரக் கதையாக முடித்தார்கள். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால், கேட்பவர் வெறுமனே செவிகொடுப்பவர் அல்லர் என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டுத் தலைவர்கள் இந்த ஆற்றலை நன்கு அறிந்திருந்தார்கள். தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ.சி. கட்டபொம்மன் வரலாற்றை எழுதியதும், தமிழகத்தின் எல்லைகளுக்காகப் போராடியதும் ஒரே முயற்சியின் இரண்டு முனைகள். 1959-இல் வந்த கட்டபொம்மன் திரைப்படம் அந்தக் கதையைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. அண்ணாவும் கலைஞரும் நாடகத்தையும் திரைப்படத்தையும் கட்சியின் நாவாக்கினார்கள். இங்கே ஒரு தடை எழுப்பப்படும். கதை சொல்லத் தெரியாத காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தாரே. 1967-இல் ஆட்சி மாறியதற்கு அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காரணம் அல்லவா? நியாயமான கேள்வி. கதை வயிற்றை நிரப்பாது என்பது உண்மையே. எனினும், பசி ஏன் வந்தது, யாரால் தீரும் என்று சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அண்ணாவின் வாக்குறுதி அந்தக் கதையின் சுருக்கம். காமராசரோ கதை சொல்லாமலே கதையானவர். படிப்பைத் தொடர முடியாமற்போன ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போட்டார் என்பதை மக்களே தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மேடையில் அடுக்குமொழி பேசுவதே கதை என்று எண்ணினால்தான் அவர் விதிவிலக்காகத் தெரிவார்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: கதைகள் சமூகத்தைப் பிளக்கின்றன என்பது. செப்டம்பர் 1-இல் பூலித்தேவருக்கும் ஆகஸ்ட் 20-இல் ஒண்டிவீரனுக்கும் மாலை விழுகிறது. ஒரே போரில் ஒன்றாக நின்றவர்களின் விழாக்களுக்குத் தனித்தனிக் கூட்டம், தனித்தனிப் பந்தோபஸ்து. இதை மறுக்க முடியாது. ஆனால் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி பெயர்களைப் பிற்காலத்தார் உரத்துச் சொல்வதைப் பிளவு என்று பழிப்பது தகாது. உடைப்பை அடைத்தவர்களுக்கு இடம் மறுத்த பழைய கதையின் குறையை அவர்கள் சரிசெய்கிறார்கள். குற்றம் பல கதைகள் இருப்பதில் இல்லை. ஒருவர் கதையை இன்னொருவர் காதுகொடுத்துக் கேளாததில்தான். சங்கரன்கோவில் கோயிலுக்குள் பூலித்தேவர் ஒளியாய் மறைந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. அவரது முடிவு பற்றிய ஏட்டின் மௌனத்தை அது நிரப்புகிறது. அதைப் பழிக்காமல் கேட்கலாம். வரலாறு என்று பாடநூலில் ஏற்றாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒருங்கே செய்யத் தெரிந்தவரே ஆய்வாளர்.

ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை படிப்போரிடம் எனது வேண்டுகோள் இது. எந்தத் தலைவரின் கதையை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் சொல்வதால் யாருக்கு ஆதாயம்? இதில் பெயரில்லாமல் நிற்பவர் யார்? கேட்பவர் இதை மாற்றிச் சொல்ல இடம் இருக்கிறதா? இப்பகுதியில் வில்லுப்பாட்டும் கும்மியும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாத் தெருவுக்கும் போய், ஒரே கதையின் எல்லா வடிவங்களையும் பதிவுசெய்து, பாடியவர் பெயரோடு அச்சில் கொண்டுவாருங்கள். அந்தப் பணியை இவ்வூரிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.