பக்கவாதம்: ஸ்கேன் காட்டுவதும் நோயாளி காட்டுவதும்



"ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். திடீரென ஒரு கை செயலிழந்து, வாய் கோணி, அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டவர் அந்தச் சொல்லோடு நிம்மதியாக வீடு திரும்பிவிடுகின்றார். பக்கவாதத்தைப் பொறுத்தவரை இந்த நிம்மதி ஆபத்தானது. அதைக் குறித்தே இன்று நாம் பேச விரும்புகின்றோம்.

1971ஆம் ஆண்டு அக்டோபரில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. இடம், இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனை. அதற்கு முன்னர், மூளையில் இரத்தம் கசிந்துள்ளதா, இரத்தக்குழாய் அடைத்துள்ளதா என்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் வெளி அடையாளங்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் ஒரு பக்கக் கைகால் விழும், பேச்சுக் குழறும். சிகிச்சையோ நேரெதிரானது. அடைப்புக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வேண்டும். கசிவுள்ளவருக்கு அதே மருந்து உயிரைப் பறித்துவிடக் கூடும். புதிதாகக் கசிந்த இரத்தம் சி.டி. படத்தில் உடனே வெண்மையாகத் தெரிந்துவிடும். ஆகவே ஸ்கேன் எடுக்குமுன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது கூடாது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், முதல் சில மணி நேரம் சி.டி. படம் மாறுதலின்றியே இருக்கக்கூடும். அந்நேரத்தில் 'படம் நன்றாயிருக்கிறது' என்றால் 'இரத்தக்கசிவு இல்லை' என்பதே பொருள், 'நோயில்லை' என்பதன்று. தூக்க முடியாமல் கிடக்கும் அந்தக் கையே சான்று.

எம்.ஆர்.ஐ. அடைப்பின் பாதிப்பை வெகு விரைவில் காட்டும். எனினும் விடாத தலைச்சுற்றலோடு வருபவர்களிடம், சிறுமூளை, மூளைத்தண்டுப் பகுதிப் பாதிப்பை முதல் இரண்டு நாட்களில் அதுவும் தவறவிடுவதுண்டு. நோயாளியின் தலையைச் சட்டெனத் திருப்பிக் கண்ணசைவைக் கவனிப்பது உள்ளிட்ட மூன்று எளிய சோதனைகளைப் பயிற்சி பெற்றவர் செய்தால், அவை தொடக்கநிலை எம்.ஆர்.ஐ.யை விடக் கூர்மையானவை என 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. கோடி ரூபாய்க் கருவிக்குத் தப்பியது மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் அகப்படுவது நமக்கு வியப்பாகவே உள்ளது.

அடையாளமும் மறைந்து, படமும் சுத்தமாயிருந்தால்? அது எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் அபாயம் மிகுதி. கழுத்து இரத்தக்குழாய்களையும் இதயத் துடிப்பையும் சோதிக்காமல் வீடு திரும்பலாகாது.

கரைக்கும் மருந்துக்குரிய வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அது, நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்திலிருந்து கணக்கிடப்படும். இஷாவுக்குப் பின் நன்றாகப் பேசிவிட்டு உறங்கிய வாப்பா, பஜ்ருக்கு எழுப்பும்போது கை தூக்கவில்லையென்றால், மருத்துவரிடம் இஷா நேரத்தைத்தான் கூற வேண்டும். பலர் 'இப்போதுதான் வந்தது' என்கின்றனர். அது தவறான சிகிச்சைக்கு இட்டுச் செல்லும்.

கெடு கடந்தோருக்கும் இன்று வழியுண்டு. பெருங்குழாய் அடைப்பில், உள்ளே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை அகற்றும் சிகிச்சை, தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு 24 மணி நேரம் வரை பயன் தருவதை 2018இல் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. அவற்றுள் ஒன்று நோயாளிகளைத் தெரிந்தெடுத்த முறை கவனிக்கத்தக்கது. கைகால், பேச்சு, பார்வை ஆகியவற்றின் இழப்பு பெரிதாகவும், படத்தில் அழிந்த பகுதி சிறிதாகவும் இருக்க வேண்டும். அவ்வாறாயின், மூளையின் பெரும்பகுதி செயலிழந்து கிடக்கின்றதேயன்றி இன்னும் மடியவில்லை, அதை மீட்கலாம். படத்தை மட்டும் பார்த்தவருக்கோ, நோயாளியை மட்டும் பார்த்தவருக்கோ இது தெரியவராது.

ஆதலால் முகம் கோணினாலும், ஒரு கை தாழ்ந்தாலும், பேச்சு மாறினாலும், துணையின்றி நிற்க முடியாத தலைச்சுற்றல் வந்தாலும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். தண்ணீரும் புகட்ட வேண்டாம். விழுங்கும் திறன் குன்றியிருந்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அடையாளத்தைக் கண்ட நேரத்தையும், கடைசியாக நலமாயிருந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரா என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள்.