ஊராட்சிக் கட்டடத்தில் கம்பியில்லா இணைப்பு
(ஆம்பூர் வட்டார ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர்களின் முதியவர்களைக் கேட்டால் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றிச் சொல்வார்கள். கட்டடத்தின் உள்ளே பெட்டி, வெளியே ஒலிபெருக்கி, திண்ணையில் மக்கள். சென்னை பேசும், ஊர் கேட்கும். ஊர் மறுமொழி கூற அப்பெட்டியில் வழி கிடையாது. இப்போது ஊராட்சிக் கட்டடங்களுக்கு வேறொரு பெட்டி வருகிறது. வைஃபை என்று யாவரும் அழைக்கும் இதுவும் வானொலியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இது கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். இணையத்தை இந்தப் பெட்டி உண்டாக்குவதில்லை. மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்துப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அந்த இழைதான் ஏரியிலிருந்து வரும் கால்வாய், பெட்டி மடை, நம் கையிலுள்ள கைபேசி வயல். கால்வாய் உடைந்திருந்தால் மடையைத் திறந்து என்ன பயன்? கைபேசியில் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் ஒன்றும் வராதிருப்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே. அந்தக் கோடுகள் பெட்டிக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள உறவை மட்டுமே காட்டும். பெட்டியை மாற்றத் தீர்மானம் போடும் முன் இழை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அலையின் தன்மையைக் கூறுவோம். வைஃபை பெட்டி பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். ஒன்று வினாடிக்கு 240 கோடி முறை துடிப்பது. அதன் அலைநீளம் சுமார் ஐந்து அங்குலம். மற்றது வினாடிக்கு 500 கோடி முறைக்கு மேல் துடிப்பது. முன்னது சுவரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு செல்லும். பின்னது மிகுதியாகச் சுமக்கும், ஆனால் விரைவில் களைத்துவிடும். திறந்த வெளியில் சாதாரணப் பெட்டியின் எல்லை ஏறத்தாழ நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. செங்கற்சுவர் அலையை மெலிவிக்கும். இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். நீர் அதை விழுங்கிவிடும். நம் பகுதிக்கு இது முக்கியம். தோல் ஷாப்புகளில் ஈரத்தோல் குவிந்திருக்கும் அறைக்கு அப்பால் கைபேசி ஏன் ஊமையாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஈரத்தோல் என்பது பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே தகரக் கூரையும் இருந்துவிட்டால் கூற வேண்டுவதில்லை.

இதை அறியாமல் நாமே செய்த பிழையொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஊராட்சியில், களவு போய்விடுமோ என்ற அச்சத்தால், பெட்டியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னோம். விளக்கு எரிந்தது, பதிவேட்டில் ‘இயங்குகிறது’ என்று எழுதினோம். ஆறு மாதம் வரை வந்த புகார்களுக்கெல்லாம் இழையையே குறை கூறினோம். வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேற்பாகம் தைத்துக் கூலி பெறும் ஒரு தாயின் மகள், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் அந்தத் திண்ணைக்கு வந்தாள். மாலை வரை கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆம்பூருக்குப் பேருந்து ஏறினாள். அதற்குள் மையம் மூடிவிட்டது. பீரோவைத் திறந்து பெட்டியைச் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்ட எங்களுக்குக் கால் மணி நேரமே ஆயிற்று. ஆனால் அந்த ஆண்டு உதவித்தொகை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, முறை. கிராம சபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் எவர் சொல்லும் காதில் விழாது. ஆகவே வைஃபையிலுள்ள ஒவ்வொரு கருவியும் முதலில் செவிமடுக்கும். வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அமைதியானபின் சிறிது பொறுத்துப் பேசும். சரியாகக் கேட்டது என்ற மறுமொழி வராவிட்டால் திரும்பச் சொல்லும். முப்பது பேர் ஒரே பெட்டியைப் பிடித்தால் வேகம் குறைவது இதனால்தான்.

இந்த முறை அருகிலிருப்போருக்காக வகுக்கப்பட்டது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு இணைக்கக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் முயன்றபோது, இதுவே தடையாயிற்று. பல கிலோமீட்டர் சென்று திரும்ப வேண்டிய மறுமொழி தாமதமாக வந்தது. பெட்டியோ அது வராது என்று எண்ணித் திரும்பத் திரும்பப் பேசியது. உயர்ந்த கம்பங்களில் ஒரே திசை நோக்கும் அலைவாங்கிகளை அமைத்து, முறைப்பாசனம் போல் இன்ன நேரம் இவருக்கு, இன்ன நேரம் அவருக்கு என்று மாற்றி எழுதியபின், சாதாரண வைஃபை கருவியே போதுமானதாயிற்று. கிராமத்து நோயாளி தம் ஊரில் இருந்தபடியே தேனி மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். மலையும் பாறையும் நிறைந்த நம் பகுதியிலும், ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரியுமானால் இது இயலும்.

இந்த அலைவரிசைகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை. குறைந்த அலைவரிசையை 2005-லும், உயர்ந்ததைப் பெருமளவில் 2018-லும் மத்திய அரசு, ஆற்றல் வரம்புக்கு உட்பட்டு, பொதுவாக்கியது. பொதுச்சொத்து என்றால் என்ன ஆகும் என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. காற்றின் நெரிசலாவது பெட்டியை அணைத்தால் மறைந்துவிடும். குறைந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. ஊராட்சி ஒன்றில், பள்ளி ஆறில், கூட்டுறவுச் சங்கம் பதினொன்றில் என்று கலந்து பேசி வைத்துக்கொண்டால் சண்டையில்லை.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘12345678’ என்று வைப்பது கதவைச் சாத்தித் திறவுகோலைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். அலுவலகக் கணினிக்கு ஓர் இணைப்பும் பொதுமக்களுக்கு வேறோர் இணைப்பும் ஒரே பெட்டியில் தர இயலும், அவ்வாறே செய்யுங்கள். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டத்தின்கீழ், தேநீர்க் கடைக்காரரும் தனி உரிமமின்றிப் பொது வைஃபை வழங்கலாம் என்பதையும் ஊரில் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கைபேசியோடு தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டுவரை இணைப்பு வருகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.