நான்கு குப்பிச் சோதனை

சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வால்நட் அளவுதான். அதற்குள் கிருமி புகுந்து திடீரென வீங்கினால் ஆள் துடித்துப்போவார். குளிர் ஜுரம், அடிவயிற்றில் வலி, எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகச் சிறுநீர். சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான் இந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் நாட்பட்ட வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமியே இருப்பதில்லை. இதைப் பிரித்தறிய 1968-இல் அமெரிக்க மருத்துவர்கள் மியர்ஸும் ஸ்டேமியும் ஒரு வழி சொன்னார்கள். முதலில் வரும் சிறுநீர் ஒரு குப்பியில், நடுவில் வருவது இன்னொன்றில். பிறகு ஆசனவாய் வழியாக மருத்துவர் விரலால் சுரப்பியை அழுத்த, கசியும் திரவம் மூன்றாவதில். அதன்பின் வரும் சிறுநீர் நான்காவதில். கடைசி இரண்டில் கிருமி அதிகமென்றால், அது குடியிருப்பது சுரப்பியில்தான். கடும் ஜுரத்தோடு வந்தவரை மட்டும் இப்படி அழுத்தக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம்.

கிருமி இல்லாதவருக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பது அநியாயம். நாட்பட்ட கிருமித் தொற்று உறுதியானவருக்கோ 4 முதல் 6 வாரம்கூட மாத்திரை தேவைப்படும். பல மருந்துகள் இந்தச் சுரப்பிக்குள் எளிதில் ஊடுருவுவதில்லை.

சுரப்பியில் அழற்சி இருக்கும்போது, புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவும் ஏறும். உடனே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்; குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.