ஐரோப்பிய மாணவரும் அயல்நாட்டு மேற்படிப்பும்



அயல்நாட்டுப் படிப்பு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவோர் நம் நாட்டு இளைஞர்களே. விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிற்கும் மகனையும், கண்ணைத் துடைத்துக்கொண்டு விடைகொடுக்கும் தாயையும் நாம் நன்கு அறிவோம். ஆனால், ஐரோப்பாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி பட்டமேற்படிப்பிற்காக அடுத்த நாட்டிற்குச் செல்ல விரும்பினால், அவள் எந்தெந்த வாயில்களைத் தட்டவேண்டியிருக்கிறது? அவ்வாயில்கள் அவளுக்கு எவ்வாறு திறக்கின்றன? எங்கே மூடிக்கொள்கின்றன? இவற்றைப் பற்றியே இன்று சிறிது நேரம் சிந்திப்போம்.

பிறர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். பல மொழிகளும் பல ஆட்சிகளும் கொண்ட ஒரு பெருங்கூட்டத்தில், அயலான் வீட்டுப் பிள்ளையைத் தன் வீட்டுப் பிள்ளைபோல் நடத்தவேண்டுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அது நமக்கும் உரிய கேள்வியே. ஆதலால் அவர்கள் கண்ட விடையை அறிந்துகொள்வது வீண் வேலையாகாது.

எல்லை கடந்து கற்பது ஐரோப்பாவிற்குப் புதிதன்று. ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் என்ற பேரறிஞர் பாரிஸில் பயின்றார். 1506ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள டூரின் நகரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாளில் கற்றோர் அனைவருக்கும் இலத்தீன் பொதுமொழியாக இருந்ததால், ஒரு பல்கலைக் கழகம் வழங்கிய பட்டத்தை மற்றொரு பல்கலைக் கழகம் புரிந்துகொள்வதில் தடையில்லை. பிற்காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் மொழியிலே, தன் முறையிலே கல்வியை வகுத்துக்கொண்டது. பட்டங்கள் பலவாயின, அவற்றின் பொருளும் பலவாயிற்று.

சிதறிப்போன இப்பாதைகளை ஒன்றுசேர்க்கும் முயற்சி 1987ஆம் ஆண்டு தொடங்கியது. மாணவர் பரிமாற்றத்திற்கென வகுக்கப்பட்ட திட்டத்திற்கு அந்த எராஸ்மஸின் பெயரையே சூட்டினார்கள். 1999ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், இத்தாலியிலுள்ள பொலோனா நகரத்தில் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு பிரகடனத்தில் கையொப்பமிட்டார்கள். முதலில் இளநிலைப் பட்டம், அதன்மேல் முதுநிலைப் பட்டம் என்ற பொது அமைப்பை எல்லா நாடுகளும் மேற்கொள்வது என்று முடிவாயிற்று. படிப்பை அளப்பதற்கு ‘கிரெடிட்’ என்ற அளவையும் பொதுவாயிற்று. முழுநேரப் படிப்பு ஓராண்டிற்கு 60 கிரெடிட்டுகள்; ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளநிலைப் பட்டத்திற்கு 180 முதல் 240 வரை. முதுநிலைப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 90 முதல் 120 வரை. படி, மரக்கால் என்று ஊருக்கொரு முகத்தலளவை இருந்த சந்தையில் லிட்டர் கணக்கு வந்ததுபோல என்று இதனைக் கூறலாம்.

இனி, பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயிலுள்ள ஒரு மாணவியை நாமே கற்பித்துக்கொள்வோம். ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளுக்கும் அவள் விண்ணப்பம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தொல்லை பெயரிலேயே வருகிறது. அவள் பெறப்போகும் பட்டத்திற்குப் பிரெஞ்சு மொழியில் ‘லிசான்ஸ்’ என்று பெயர். நம்மவர் காதில் இது மோட்டார் ஓட்டும் அனுமதிச்சீட்டாக விழும். ‘பக்கலோரேயா’ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கேட்டு அதனை இளங்கலைப் பட்டமென்று மொழிபெயர்த்தாலோ, பெரும்பிழையாகிவிடும். அது பள்ளியிறுதித் தேர்வு. இத்தாலியில் மூன்றாண்டுப் பட்டம் பெற்றவரையே ‘தொத்தோரே’ என்று அழைக்கிறார்கள். அதனை ‘டாக்டர்’ என்று எழுதிவிட்டால், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒரே இரவில் ஆராய்ச்சிப் பேரறிஞராகிவிடுவார்! அரசாங்கப் பத்திரங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த நாம் இதனை அனுபவத்தில் அறிவோம்: சொல் ஒன்றாக இருப்பது பொருள் ஒன்றாக இருப்பதற்குச் சான்றாகாது.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் பாராட்டத்தக்கது. பட்டத்தின் பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம். மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ஆனால் அது எத்தகைய பட்டம், எத்தனை ஆண்டுப் படிப்பு, அந்நாட்டுக் கல்வியமைப்பில் அதன் இடம் எது என்பவற்றை எட்டுப் பகுதிகளில் விளக்கும் ஓர் இணைப்புப் பத்திரத்தைப் பட்டத்துடன் சேர்த்துக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். 2005ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பட்டதாரிக்கும் இது கேட்காமலே, கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். மேலும், 1997ஆம் ஆண்டு லிஸ்பன் நகரத்தில் உருவான ஒப்பந்தம் ஒரு முக்கியமான நெறியை வகுத்தது. அயல்நாட்டுப் பட்டத்தை ஏற்க மறுப்பவர், அதற்கும் தம் நாட்டுப் பட்டத்திற்கும் கணிசமான வேறுபாடு உண்டென்று தாமே காட்டவேண்டும். ‘என் பட்டம் சமமானது’ என்று மெய்ப்பிக்கும் சுமையை மாணவர் தலைமேல் ஏற்றலாகாது.

இரண்டாவது தொல்லை மதிப்பெண். இங்குதான் நம் மாணவியின் விதி உண்மையில் நிர்ணயமாகிறது. பிரான்ஸில் இருபதுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். பத்து வந்தால் தேர்ச்சி. பதினான்கு வந்தால் ‘நன்று’ என்று பட்டத்தில் பொறிக்கிறார்கள். இருபதுக்கு இருபது வாங்கியவரைக் காண்பது அரிது. நம் மாணவியின் சராசரி பதினான்கு. ஜெர்மனியிலோ கணக்கு தலைகீழ், 1.0 என்பது தலைசிறந்தது, 4.0 என்பது கடைசித் தேர்ச்சி. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்ற அங்கே ஒரு சூத்திரம் வழங்குகிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதனை உச்சத்திற்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். இருபதில் பதினான்கு போக ஆறு. அதைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.8, ஒன்றைக் கூட்டினால் 2.8. ஜெர்மானியர் அளவுகோலில் இது ‘நன்று’ அன்று. ‘திருப்திகரம்’ என்ற கீழ்ப்படி. முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் 2.5 அல்லது அதனினும் சிறந்த தகுதி கேட்கிறார்கள். எனவே அவள் வாயிலிலேயே நின்றுவிட நேரலாம். இதே பதினான்கை நூற்றுக்கு எழுபது என்று கணக்கிட்டால், எழுபதை முதல் வகுப்பாகக் கொள்ளும் பிரிட்டனில் அவள் முதல் வகுப்பு மாணவியாகிவிடுவாள்! மாணவி ஒருத்திதான், அறிவும் ஒன்றுதான், எல்லையைத் தாண்டும்போது மட்டும் அவள் ஒருமுறை தாழ்கிறாள், ஒருமுறை உயர்கிறாள்.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை; பிழை, பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காததில் இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு துறையிலும் எத்தனை மாணவர் எந்த மதிப்பெண் பெற்றனர் என்று காட்டும் அட்டவணையையும் உடன் அனுப்பவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி கூறுகிறது. அதைப் பார்த்தால், தன் வகுப்பில் அவள் எத்தனையாவது இடத்தில் நிற்கிறாள் என்பது விளங்கிவிடும். விண்ணப்பிக்கும் மாணவர்கள் தம் கல்லூரியில் இந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்வது மிகவும் நல்லது. கேளாதவருக்கு அது கிட்டாமலே போகலாம்.

மூன்றாவது, காலக்கணக்கு. ஸ்வீடனில் ஒரே விண்ணப்பத்தில் நான்கு முதுநிலைப் படிப்புகள் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். ஆனால் ஜனவரி நடுவிலேயே கெடு முடிந்துவிடும். ஜெர்மனியில் பல படிப்புகளுக்கு ஜூலை 15 வரை அவகாசம் உண்டு. அங்கே பல பல்கலைக் கழகங்களுக்காக அயல்நாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிலையம் முதல் விண்ணப்பத்திற்கு 75 யூரோவும், அடுத்த ஒவ்வொன்றிற்கும் 30 யூரோவும் வாங்குகிறது. தாய்நாட்டில் தங்குவதென்றாலோ, 2023ஆம் ஆண்டு பிரான்ஸ் தொடங்கிய பொது விண்ணப்ப முறைக்கு வசந்த காலத்திலேயே விண்ணப்பித்து, ஜூன் மாதத்தில் வரும் இடத்தை ஏற்பதா விடுப்பதா என்று முடிவு கூறவேண்டும். ஜெர்மனியிலிருந்து பதில் வருவதோ அதற்கும் பின்னால். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகுமோ என்ற அச்சம் எந்த மாணவிக்குத்தான் வராது? ஆங்கிலத் தேர்வின் சான்று இரண்டாண்டுகளுக்கே செல்லும் என்பதையும், பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்குப் போதிய அவகாசம் தரவேண்டும் என்பதையும் அவள் மறந்துவிடலாகாது.

நான்காவது, பணம். இங்கே ஒரு வழக்கின் வரலாற்றைக் கூறியாகவேண்டும். 1982ஆம் ஆண்டு பிரான்சுவாஸ் கிராவியே என்ற பிரெஞ்சு நாட்டுப் பெண், சித்திரக் கதை வரையும் கலையைப் பயிலப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக் கலைக்கூடத்திற்குச் சென்றார். பெல்ஜிய மாணவர் செலுத்தத் தேவையில்லாத ஒரு சேர்க்கைக் கட்டணத்தை, அயல்நாட்டவர் என்பதற்காக அவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார், வழக்குத் தொடுத்தார். 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்திரக் கதைக் கலையும் தொழிற்கல்வியே. அதற்கு உள்நாட்டவரிடம் கேளாத கட்டணத்தை மற்ற உறுப்பு நாட்டவரிடம் மட்டும் கேட்பது நாட்டுரிமை காரணமான பாகுபாடு என்பதே அத்தீர்ப்பின் சாரம். கேலிச் சித்திரம் வரையப் போன ஒரு பெண்ணின் பிடிவாதம், பின்வந்த மாணவர் பெருந்திரளுக்கு வழி திறந்துவிட்டது!

அதன் பயனை நம் லியோன் மாணவி இன்று அனுபவிக்கிறாள். ஸ்வீடனில் அவளுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. நெதர்லாந்தில் 2025–26ஆம் கல்வியாண்டிற்கு அந்நாட்டு மாணவர் செலுத்தும் 2,601 யூரோவையே அவளும் செலுத்துவாள். அவள் பக்கத்தில் நிற்கும் இந்திய மாணவருக்கோ கட்டணம் பல மடங்கு. ஸ்வீடனில் 2011ஆம் ஆண்டிலிருந்து கட்டணம் உண்டு, விண்ணப்பத்திற்கே 900 குரோனர் தனி. ஐரோப்பியர் என்ற சொல்லும் இங்கே பூகோளச் சொல்லன்று. ஐரோப்பிய மண்ணிலேயே பிறந்த செர்பிய மாணவரும் அல்பேனிய மாணவரும் பெரும்பாலான கட்டணப் பட்டியல்களில் நம்முடன்தான் நிற்கிறார்கள்.

ஆனால் இச்சமத்துவத்திற்கும் எல்லையுண்டு. கட்டணத்தில் சமம், வயிற்றுப்பாட்டில் அன்று. உழைப்பாளராக இல்லாத அயல்நாட்டு மாணவருக்கு, ஐந்தாண்டு வாசத்தால் நிரந்தர வாசவுரிமை கிட்டும்வரை, ஜீவனத்திற்கான உபகாரச் சம்பளம் தரவேண்டிய கடமை அந்நாட்டிற்கு இல்லை என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வீட்டு வாடகை கொடுக்க வழியுள்ளவருக்கே திறந்த வாயில் பயன்படும். விருந்தளிக்கும் நாட்டிற்கும் குறை உண்டு. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி ஆஸ்திரியா தன் வாயிலைத் திறந்ததும், ஜெர்மானிய மாணவர் அதன் மருத்துவப் படிப்பை நிரப்பத் தலைப்பட்டனர். நூற்றுக்கு எழுபத்தைந்து இடங்கள் தன் நாட்டுப் பள்ளிச் சான்றிதழ் பெற்றோருக்கே என்று அது வரையறுக்க நேர்ந்தது. தன் மக்களுக்கு மருத்துவர் வேண்டுமே என்ற கவலையை நாம் சுயநலமென்று தள்ளிவிட முடியாது.

இனிப் பிரிட்டனைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு வரை நம் மாணவி அங்கும் உள்நாட்டு மாணவியே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு அந்நாடு வெளியேறிய பின், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் ஒன்றிய மாணவர்கள் அயல்நாட்டவராயினர். அயர்லாந்து நாட்டவரும், முன்பே அங்கு வாசவுரிமை பெற்றவரும் மட்டுமே விலக்கு. மற்றவர்க்கு உயர்ந்த கட்டணம், விசா, அதன்மேல் ஆண்டிற்கு 776 பவுன் சுகாதாரக் கட்டணம். புதிதாகச் சேரும் ஒன்றிய மாணவர் தொகை அவ்வொரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. கடலும் அதே கடல். கப்பலும் அதே கப்பல். கையெழுத்து ஒன்று மாறியதும் வீட்டுப் பிள்ளை விருந்தாளியாகிவிட்டது.

நேயர்களே, சமத்துவம் என்பது ஒருமுறை நட்டுவிட்டால் தானே வளரும் மரமன்று. ஒரு பெண் வழக்காடிப் பெற்றதை ஒரு சட்டம் எடுத்துவிடக்கூடும். நம் நாட்டிலும், மருத்துவ முதுநிலைப் படிப்பில் மாநில வாசத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்று 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இதே கேள்வி நம் வாயிற்படியில் நின்றது. ஊர்ப் பிள்ளைக்கு முதலிடமா, தகுதியுள்ள அயலூர்ப் பிள்ளைக்கும் சம இடமா? இரு பக்கத்திலும் நியாயமுண்டு. எளிய விடை இல்லை.

எனினும், வந்தவருடைய பட்டத்தை அறியாமையால் தாழ்த்தாதிருப்பது, அவர் மதிப்பெண்ணின் பின்னுள்ள பழக்கத்தை விசாரித்தறிவது, மறுத்தால் காரணம் கூறுவது ஆகிய மூன்றிற்கும் பெருஞ்செலவில்லை, பெருமனம் போதும். நம்மில் யாரேனும் ஒரு நாள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேஜையின் அப்பக்கம் அமர நேர்ந்தால், 2.8 என்ற எண்ணாக வந்து நிற்கும் அந்த லியோன் மாணவியை நினைத்துக்கொள்வோமாக.