பொதுப் பட்டறையும் ஒரு சின்னச் செய்தியும்

(இளைஞர் தொழிற்பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





தனியாகக் கம்ப்ரசரோ வெல்டிங் மெஷினோ வாங்க முடியாத பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பட்டறை நடத்தலாம். மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமம் 2002-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவியுடன் 'ஃபேப் லேப்' என்ற பொதுப் பட்டறையைத் தொடங்கியது. ஆனால் பொதுப் பொருளில் ஒரு சிக்கல் உண்டு. "அவர் அணைத்திருப்பார்" என்று இவரும், "இவர் அணைத்திருப்பார்" என்று அவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடும். பொதுப் பொருள் அமானிதம். அதைக் காக்க எளிய வழி ஒன்று இருக்கிறது.

அதன் பெயர் எம்.க்யூ.டி.டி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க, ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லென் நிப்பர் ஆகிய இரு பொறியாளர்கள் 1999-இல் இதை உருவாக்கினார்கள். செயற்கைக்கோளில் அனுப்பச் செலவு அதிகம். அதனால் செய்தியோடு சேர்த்து அனுப்பும் முகப்புத் தகவலை 2 பைட் வரை சுருக்கினார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி. 8266 போன்ற வைஃபை போர்டே இதற்குப் போதும்.

நடுவில் 'புரோக்கர்' என்ற மென்பொருள் இருக்கும். இலவசமான 'மொஸ்கிட்டோ'வைப் பழைய கம்ப்யூட்டரிலேயே போடலாம். கம்ப்ரசரில் மாட்டிய போர்டு, 'பட்டறை/கம்ப்ரசர்' என்ற தலைப்பில் 'ஓடுகிறது' என்று அனுப்பும். அந்தத் தலைப்பைக் கேட்டு வைத்திருக்கும் எல்லாப் போன்களுக்கும் புரோக்கர் அதைக் கொண்டு சேர்க்கும். பட்டறை வைஃபைக்குள் இன்டர்நெட் இல்லாமலே இது நடக்கும். வீட்டிலிருந்து பார்க்கத்தான் இன்டர்நெட் வேண்டும்.

இதில் 'லாஸ்ட் வில்' என்று ஒன்று உண்டு. நம் வழக்கில் வஸிய்யத். "என் தொடர்பு திடீரென அறுந்தால் இதைச் சொல்லிவிடு" என்று, இணையும்போதே போர்டு ஒரு செய்தியைப் புரோக்கரிடம் கொடுத்து வைக்கும். 60 நொடிக்குள் ஒருமுறையாவது பேசுவதாக ஒப்புக்கொண்ட போர்டு 90 நொடி வரை பேசாவிட்டால், புரோக்கர் அதை அனைவருக்கும் அறிவித்துவிடும். சத்தம் இல்லை என்பதால் எல்லாம் நலம் என்று நாம் ஏமாற மாட்டோம்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: ஆபத்தில் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும், கம்ப்ரசரின் சேஃப்டி வால்வும் இதை நம்பி இருக்கக் கூடாது. வைஃபை நின்றாலும் அவை வேலை செய்ய வேண்டும். கரண்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனே செய்யட்டும். இரண்டு: பாஸ்வேர்டு போடாமல் புரோக்கரைத் திறந்து வைக்காதீர்கள். மூன்று: இது மெஷினைக் கவனிப்பதற்கு. ஆளை வேவு பார்ப்பதற்கு அல்ல.

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகிறார்கள். தொழிற்சாலைகளிலும் பயன்படும் முறை இது. கையில் இந்த வேலையோடு போகட்டும். முதலில் ஒரே மெஷின், ஒரே செய்தி. அது சரியாக நடந்தால் அடுத்ததைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.