வலியாரோடு ஆடும் சதுரங்கம்

(ஆண்டு விழாச் சதுரங்கப் போட்டியின் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)



நம்மினும் வலியவரை வெல்லச் சூழ்ச்சி ஏதேனும் உண்டா என்று போட்டியில் ஆடிய சிறுவர் பலர் என்னை வினவினர். பெற்றோர் சிலர்க்கோ சூழ்ச்சி என்னும் சொல்லே கசக்கின்றது. பலகையில் ஒளிவுமறைவு ஏது? காய்கள் அனைத்தும் இருவர் கண்ணுக்கும் புலனாகவே நிற்கின்றன. எதிரி காணத் தவறுவதை நாம் காண்பது வஞ்சம் ஆகாது.

ஆயினும் சூழ்ச்சியிலும் தரம் உண்டு. நான்கே நகர்த்தலில் வென்றுவிடலாம் என்றெண்ணி அரசியைத் தொடக்கத்திலேயே வெளியே அனுப்பும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் மிகுந்துள்ளது. வல்லவன் குதிரையை எடுத்து வைத்து அந்த அரசியை விரட்டுவான். விரட்டுந்தோறும் அவன் படையில் ஒரு காய் களம் புகும். நம் படையோ உறங்கிக் கிடக்கும். எதிரி கண்டுகொண்டால் நமக்கே கேடாய் முடியும் கண்ணியை, நல்ல நிலையில் இருப்பவன் வைத்தலாகாது. தோற்கும் நிலையில் இருப்பவன் தாராளமாக வைக்கலாம். அவனுக்கு இழக்க யாதுமில்லை.

1909 முதல் 1936 வரை அமெரிக்க வாகையராக விளங்கிய பிராங்க் மார்ஷல், 1914-இல் வெளியிட்ட தம் ஆட்டத் தொகுப்பிற்குச் ‘சூழ்ச்சிகள்’ என்றே பெயர் சூட்டினார். எனினும் என் உள்ளம் கவர்ந்தது வேறோர் ஆட்டம்.

1963 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்க வாகைப் போட்டியில் லாரி எவான்ஸ் என்பார் சாமுவேல் ரெஷவ்ஸ்கியை எதிர்த்தார். ரெஷவ்ஸ்கி, பாலகனாயிருந்தபோதே பலரோடு ஒருங்கே ஆடி உலகை வியக்கவைத்தவர். எவான்சின் ஆட்டம் இனித் தேறாது என்னும் நிலை. இங்கே ஒரு விதியை நினைவிற் கொள்ளுங்கள்: அரசனுக்குச் செக் இல்லை, ஆனால் எக்காயையும் நகர்த்த வழியில்லை எனில் ஆட்டம் சமன். எவான்ஸ் தம் ஓரக் காலாளை எதிர்க் காலாள்மேல் முட்ட நிறுத்தினார். அரசனை மூலையில் ஒடுக்கினார். அசையவல்ல காலாள் ஒன்றே எஞ்சியது. அதனை ரெஷவ்ஸ்கி தம் அரசியால் வெட்டினார். அவ்வளவுதான்! எவான்ஸ் தம் அரசியைக் கொண்டுபோய் எதிரி அரசன் அருகே செக் வைத்தார். அதனை வெட்டுவதன்றி ரெஷவ்ஸ்கிக்கு வேறு வழியில்லை. அடுத்து யானை வந்து செக் வைத்தது. யானையை வெட்டினால் எவான்சுக்கு நகர்த்த ஒன்றுமில்லை, சமன். வெட்டாது ஒதுங்கினால் யானை ஓயாது துரத்தும், அதுவும் சமன். ‘நித்திய யானை’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

வென்றுவிட்டோம் என்று வல்லவன் எண்ணும் அந்த நொடியே மெலியவனுக்கு வாய்த்த நொடி. அதுவரை களம் சிக்கலாகவே இருத்தல் வேண்டும். நம்மவர் பலர் அச்சத்தால் காய்களை மாறி மாறி வெட்டிக் களத்தை வெறுமையாக்குகின்றனர். சில காய்களே எஞ்சும் இறுதிக் கட்டத்திலன்றோ பயிற்சி மிக்கவன் கை ஓங்கும்?

இடையில் ஆட்டத்தைக் கைவிட்டு எழும் சிறுவர்க்கும் ஒரு செய்தி. 1902-இல் மான்டி கார்லோவில் போப்பியெல் என்பாரோடு ஆடிய மார்க்கோ, தம் மந்திரி தப்பாது என்றெண்ணித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே மந்திரியை எதிரி அரசனுக்கு அடுத்த கட்டத்தில் வைத்திருந்தால் வெற்றி அவருடையது.